மறிச்சு வைச்ச செய்தி

எங்கடை சனம் சாகிறதை நிப்பாட்டிப் போட்டுது எண்டு நான் நம்பின கிழமை ஒண்டு இருக்கு. பகிடி இல்லை, மெய்யாத்தான் சொல்லுறன்.

விடிய எழும்பினா முகம் கழுவி, தேத்தண்ணியோடை லப்டொப்பைத் திறந்து இணையத்திலை மரண அறிவித்தல் பக்கம் பாக்கிறது என்ரை பழக்கம். உங்களுக்கு இது விசர்ப் பழக்கமாத் தெரியலாம். எங்கடை ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, அரைவாசிப் பேருக்கு மேலை உதைத்தான் செய்யுதுகள், ஒத்துக்கொள்ளாதுகள். ஆர் போனது, எந்த ஊர், பிள்ளையள் எங்கை எங்கை இருக்கினம், கனடாவே லண்டனே, எல்லாம் அதிலை இருக்கும். கலியாண வீட்டுச் செய்தி பிந்தி வந்தாலும் பரவாயில்லை. செத்த வீட்டுச் செய்தி பிந்தி அறிஞ்சா அது பெரிய மானக்கேடு.

இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிட்டை இருந்துதான் வந்தது. அவர் யாழ்ப்பாணத்திலை இருந்து அதே பக்கத்தைத்தான் பாப்பார். நான் பாரிசிலை, அவர் அங்கை. பின்னேரம் போனிலை வந்தாரெண்டால் முதல் கேள்வியே, "பாத்தனியே, எங்கடை சந்திக்கடைக்காரன் செத்துப்போட்டான்" எண்டுதான். சுகம் விசாரிக்கிறது பேந்துதான். ஒருநாள் நல்ல பகிடியாச் சொன்னார்: "எனக்கு அறிவித்தல் போடேக்கை மூக்குக் கண்ணாடி இல்லாத படமாப் போடு பிள்ளை. கண்ணாடியோடை இருந்தா பென்சனுக்கு அலையிறவன் மாதிரி இருக்கிறன்." எனக்குக் கோவம் வந்திட்டுது. "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" எண்டு பேசினன். அவர் விடேல்லை. படத்தை நீதான் தெரிவு செய்யோணும், கொம்மாவை விட்டா கலியாணப் படத்தைத்தான் போடுவா எண்டு சொல்லிச் சிரிச்சார். சரி, நான் தெரிவு செய்யிறன், இப்ப வாயைப் பொத்துங்கோ எண்டு சொன்னன். நான் ஒரே பிள்ளை. எனக்குச் சொல்லாமல் வேறை ஆருக்குச் சொல்லுவார்?

அந்த நேரம் எனக்கு வயித்திலை பிள்ளை. மாதம் ஏற ஏற பிறஷரும் சேந்து ஏறிச்சுது. டொக்டர் வேலையை நிப்பாட்டி, படுக்கையிலை இரு எண்டு சொல்லிப் போட்டா. படி ஏறி இறங்கக்கூடாது, கோவப்படக்கூடாது, போனை நோண்டிக்கொண்டு கிடக்கக்கூடாது. கோவப்படக்கூடாது எண்டு எனக்குச் சொன்னா என்ன, மீனைப் பாத்து நீந்தாதை எண்டு சொன்னா என்ன. நாங்கள் இருந்தது பாரிசிலை எங்கடை ஆக்கள் கூடுற லா சப்பல் பகுதியிலை, லிஃப்ற் இல்லாத பழைய கட்டிடத்திலை மூண்டாம் மாடி. கீழை எங்கடை ஆக்களின்ரை பலசரக்குக் கடை. கடைக்கார அக்கா முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாத்தையும் என்ரை மனுசன் இவரிட்டைக் குடுத்து மேலை அனுப்புவா. ஜன்னலாலை பாத்தா மேலாலை ஓடுற மெத்ரோ ரயில் தெரியும், கடை வாசல் தெரியாது.

இனி என்ரை வேலையைச் சொல்லோணும், இல்லாட்டி நடந்தது விளங்காது. பாரிசுக்குப் பக்கத்திலை சென் தெனியிலை ஒரு கொம்பனியிலை இணையத்தளங்களைச் சோதிக்கிறது என்ரை தொழில். மனுசர் இருந்து கிளிக் பண்ணத் தேவையில்லை. நாங்கள் எழுதிற புரோகிராம் தானே பிரவுசரைத் திறந்து, எல்லாப் பொத்தானையும் அமத்தி, பிழை இருந்தாச் சொல்லும். ஒரு பக்கம் திறக்கேக்கை அது பின்னாலை சேர்வரிட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கும்: பட்டியலைத் தா, படத்தைத் தா எண்டு. அந்தக் கேள்வியை நாங்கள் நடுவழியிலை மறிக்கலாம். மறிச்சு, சேர்வருக்குப் போகவிடாமல், நாங்கள் எழுதி வைச்ச பதிலைக் குடுத்து அனுப்பலாம். பக்கத்துக்கு ஒண்டும் தெரியாது. வந்தது உண்மை எண்டு நம்பி அதை அப்பிடியே காட்டும். சேர்வர் விழுந்தா என்ன நடக்கும், பட்டியல் வெறுமையா வந்தா என்ன நடக்கும் எண்டெல்லாம் இப்பிடித்தான் சோதிக்கிறது.

இவருக்கு இந்த வேலையைப் பழக்கினதும் நான்தான். 2009 சண்டை முடிஞ்சு அடுத்த வருசம் பிரான்சிலை வந்திறங்கினதிலை இருந்து இவர் றெஸ்ரோறன்ற் குசினியிலைதான் நிண்டவர். கலியாணம் முடிச்ச பிறகு, சாப்பாட்டு மேசையிலை இருத்தி, பேச்சு வாங்க வாங்கப் படிச்சு, கடைசியிலை ஒரு கொம்பனியிலை சோதிக்கிற வேலைக்கே போய்ச் சேந்திட்டார். கெட்டிக்காரன், ஆனா அவசரக்காரன். மறிக்கிறதைப் படிப்பிக்கேக்கை நான் ஒண்டை மட்டும் சத்தியம் வாங்காத குறையாச் சொன்னனான்: பொய்ப் பதில் குடுக்கிறதெண்டா அதின்ரை தலைப்பிலை ஒரு அடையாளம் வை. பக்கத்தைப் பாக்கிறவனுக்கு அது தெரியாது, ஆனா உள்ளுக்குத் திறந்து பாக்கிறவனுக்கு, இது நாங்கள் குடுத்தது, சேர்வர் குடுத்ததில்லை எண்டு தெரியோணும். நான் அதுக்கு எங்கடை சொல்லையே ஆங்கில எழுத்திலை எழுதுவன்: பொய். பிரெஞ்சுக்காரர் ஏதோ தொழில்நுட்பச் சொல்லாக்கும் எண்டு நினைச்சு அவையும் அதையே எழுதப் பழகிட்டினம். "ஆர் என்ன சொன்னாலும் இதை மட்டும் எடுக்கக்கூடாது" எண்டு இவருக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்.

ஒரு கிழமைத் தொடக்கத்திலை, அப்பா போனிலை வரேல்லை. அம்மா வந்தா. அப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சாம், டொக்டர் கதைக்கவே கூடாது எண்டு சொல்லிப் போட்டாராம். "நல்லது, கொஞ்ச நாளைக்கு உங்கடை காது ஆறட்டும்" எண்டு நான் பகிடி விட்டன். அம்மா சிரிச்சா. அடுத்த நாள் எடுத்தா நித்திரை. அதுக்கடுத்த நாளும் நித்திரை. மருந்துக் குளிசை அப்பிடியாம். அதே நாளையிலைதான் இவர் வந்து, "உம்மடை லப்டொப் நல்லா இழுபடுது, மெதுவா ஓடுது, தாரும், துப்பரவாக்கித் தாறன்" எண்டு வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் தரேக்கை பிரவுசர் திறக்க முந்தியிலும் கொஞ்சம் கூட நேரம் எடுத்திச்சுது. துப்பரவாக்கின வடிவைப் பார் எண்டு மனசுக்குள்ளை திட்டினன்.

பிறகுதான் நான் அதைக் கவனிச்சன். அறிவித்தல் பக்கத்திலை புதிசா ஒருத்தரும் இல்லை. மேலை ஒரு வல்வெட்டித்துறை அம்மா, அவவுக்குக் கீழை கொழும்பிலை காலமான ஒரு வாத்தியார், அதுக்குக் கீழை மன்னார் ஆள் ஒருத்தர். நேற்றும் இவைதான், முந்தநாளும் இவைதான். "இஞ்சாருங்கோ," எண்டு இவரைக் கூப்பிட்டன். "பாத்தியளே, எங்கடை சனம் ஒருத்தரும் சாகேல்லை! உலகம் முழுக்கப் பரந்து கிடக்கிற சனத்திலை ஒரு கிழவன்கூட விழேல்லை!" எனக்குச் சந்தோசம். வயித்தைத் தடவி, "பாத்தியே குஞ்சு, நல்ல காலத்திலைதான் வாறாய்" எண்டும் சொன்னன். இவர் கையிலை இருந்த தேத்தண்ணியைக் கீழை வைச்சார். "நல்லதுதானே" எண்டார். பிறகு கறிவேப்பிலை வாங்கோணும் எண்டு சொல்லிக் கீழை இறங்கிப் போட்டார். கறிவேப்பிலை முதல்நாள்தான் ஒரு கட்டு வந்தது, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளை பச்சையாக் கிடக்குது.

சந்தோசம் கன நேரம் நிக்கேல்லை. இத்தினை வருசமாச் சோதிக்கிற மனுசிக்கு ஒரு பட்டியல் அசையாமல் நிண்டா உள்ளுக்கை ஏதோ அரிக்கும். சாவு அப்பிடி நிக்காது. பக்கத்தின்ரை சேர்வர் பழுதாக்கும் எண்டுதான் முதல்லை நினைச்சன். எதுக்கும் பாப்பம் எண்டு, பக்கம் என்ன கேக்குது, அதுக்கு என்ன பதில் வருகுது எண்டு காட்டுற பலகையைத் திறந்தன். வேலையிலை நாள் முழுக்கப் பாக்கிறதுதான். பட்டியலைத் தா எண்டு பக்கம் கேட்டிருந்துது. பதில் கண் வெட்ட முதல் வந்திருந்துது. அவ்வளவு கெதியா ஒரு சேர்வரும் பதில் சொல்லாது. பதிலின்ரை தலைப்பைத் திறந்தன்.

பொய்.

என்ரை சொல். என்ரை எழுத்து. என்ரை வீட்டிலை, என்ரை லப்டொப்பிலை, என்ரை மடியிலை கிடக்குது. ஐயோ கடவுளே. முதல்லை எனக்கு விளங்கவே இல்லை. வேலையிலை செய்த ஏதோ சோதனை இதுக்குள்ளை வந்து கிடக்குதோ எண்டு பாத்தன். இல்லை. நான் பிரவுசரைத் திறக்கிற சின்னப் படத்தை அமத்தினா, அது பிரவுசரைத் திறக்கேல்லை, இவர் எழுதின புரோகிராம் ஒண்டைத் திறந்து, அதுதான் பிரவுசரைத் திறந்திருக்குது. பட்டியல் எண்ட கேள்வி போகேக்கை மறிக்குது. ஒருநாள் எடுத்துச் சேமிச்சு வைச்ச பழைய பட்டியலைத் தினமும் எனக்குத் தருகுது. அந்த நேரத்திலையும் என்ரை புத்தியைப் பாருங்கோ: மடையா, உண்மைப் பதிலை வரவிட்டு, வேண்டாத ஒண்டை மட்டும் வெட்டிப்போட்டு மிச்சத்தைக் குடுத்திருக்கலாமே, உதைப் படிப்பிச்சனான்தானே எண்டு மனசுக்குள்ளை திருத்துறன். திருத்திக்கொண்டு போகேக்கைதான் அந்த "வேண்டாத ஒண்டு" எண்ட இடத்திலை நிண்டன். என்னத்தை வெட்டுறதுக்கு? ஆரை?

அம்மா நேற்றும் கதைச்சவ.

கட்டிலிலை இருந்து எப்பிடி எழும்பினன் எண்டு தெரியேல்லை. போன் பக்கத்திலைதான் கிடந்துது. அதிலை பாத்திருக்கலாம். ஆனா அதுக்குள்ளை என்ன செய்து வைச்சிருக்கிறாரோ, ஆர் கண்டது? அந்த வீட்டுக்குள்ளை இருந்த ஒரு திரையையும் எனக்கு நம்ப ஏலாமல் போச்சுது. எனக்குத் தெரிஞ்சு ஒரு இடத்தை மட்டும் ஒருத்தராலையும் மறிக்க ஏலாது. கீழை கடையின்ரை முன் கண்ணாடி. லா சப்பல்லை ஆர் செத்தாலும், ஊரிலை செத்தாலும், அறிவித்தலைப் பேப்பரிலை அடிச்சுக் கடைக் கண்ணாடியளிலை ஒட்டுவினம். நான் வீட்டுச் சட்டையோடை, செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு, போனையும் கையிலை பிடிச்சபடி, கைப்பிடியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்கினன். ஒவ்வொரு மாடியிலும் நிண்டு மூச்சு எடுத்தன். பிள்ளை உள்ளுக்கை ஒரே உருளல்.

தெருவுக்கு வந்ததும் சனம் என்னைப் பாத்துது. சீலைக்கடைப் பெடிச்சி, தெரிஞ்சவள், என்னைக் கண்டதும் தலையைக் குனிஞ்சாள். அதோடை எனக்கு எல்லாம் விளங்கிட்டுது. இருந்தும் கடைக் கண்ணாடியைப் பாத்தன். சங்கீத வகுப்பு விளம்பரத்துக்கும் அரிசி விலைக்கும் நடுவிலை அப்பா இருந்தார். மூக்குக் கண்ணாடியோடை போட்டிருக்கிறாங்கள். ஒரு படம் தெரிவு செய்யத் தெரியேல்லை ஒருத்தருக்கும். அந்த மனுசன் கேட்ட ஒண்டே ஒண்டு அதுதானே. கீழை பேர், ஊர், ஆரின்ரை மகன், ஆரின்ரை மருமகன், எல்லாம் முறைப்படி. தகனம் இண்டைக்குப் பின்னேரம். கடைசி வரியிலை, வழக்கமா எல்லா அறிவித்தலிலையும் போடுற மாதிரி, செய்தியை அறியத்தாற ஆள் ஆர் எண்டு போட்டிருந்துது.

தகவல்: மகள், பிரான்ஸ்.

நான்தானாம் எல்லாருக்கும் சொன்னது! கனடாவுக்கும், லண்டனுக்கும், இந்தத் தெருவிலை போறவாற எல்லாருக்கும் அப்பா செத்ததை நான்தானாம் அறியத் தந்தது. பேப்பரைக் கிழிப்பமோ எண்டு கை போனது. தலைக்கு மேலாலை மெத்ரோ இரைஞ்சுகொண்டு போச்சுது. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் போனன்.

கடையின்ரை உள்மூலையிலை, அரிசி மூட்டையளுக்குப் பக்கத்திலை, இவர் ஒரு பெட்டியிலை குந்திக்கொண்டு இருந்தார். முன்னாலை இவரின்ரை போன், நல்லெண்ணெய்ப் போத்திலிலை சாத்தி வைச்சிருந்துது. அதிலை ஊரிலை இருக்கிற எங்கடை வீட்டு விறாந்தை தெரிஞ்சுது. செத்தவீட்டை நேரடியாக் காட்டுறாங்கள், வெளிநாட்டுப் பிள்ளையள் பாக்கிறதுக்கு. கடைக்கார அக்கா பக்கத்திலை நிண்டவ என்னைக் கண்டதும் "அம்மாளாச்சி!" எண்டு கத்திப் போட்டு ரெண்டு கையாலும் போனை மூடினா.

"பிள்ளைத்தாச்சி பாக்கக்கூடாது மோனை. மேலை போ. சொன்னாக் கேள்."

"கையை எடுங்கோ அக்கா."

"உன்ரை வயித்திலை கிடக்கிறதுக்காகத்தானே எல்லாரும்..."

"அக்கா, கையை எடுங்கோ எண்டு சொல்லுறன்!"

இவர் எழும்பி வந்து என்ரை தோளைப் பிடிச்சார். முகம் அழுதழுது வீங்கிக் கிடந்துது. "மாமா செவ்வாய்க்கிழமை விடிய. நித்திரையிலை. மாமிதான் சொல்ல வேண்டாம் எண்டவ. டொக்டரும் பிறஷரைப் பாத்து... நான் என்ன செய்ய?"

நான் இவரை அடிக்கத்தான் கையை ஓங்கினன். அடிக்கேல்லை. வாயிலை வந்தது வேறை. "'பொய்' எண்டதை ஏன் எடுக்கேல்லை? அதை எடுத்திருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டன்."

"நீர்தானே சொன்னனீர்," எண்டார். "ஆர் என்ன சொன்னாலும் அதை எடுக்கக்கூடாது எண்டு."

நான் அரிசி மூட்டையிலை குந்திட்டன். அக்கா கையை எடுத்திட்டா. அப்பா விறாந்தை நடுவிலை படுத்திருந்தார், வேட்டி சால்வையோடை. கண்ணாடி இல்லை. அம்மா தலைமாட்டிலை இருந்து, தலையிலை அடிச்சு அடிச்சு அழுகிறா. சுத்திவரப் பெண்டுகள். வாசல் படலையடியிலை பறை. அம்மா ஒப்பாரியிலை என்னவோ சொல்லுறா, காதைக் கிட்டக் கொண்டு போனன். "என்ரை ராசா, உங்கடை பிள்ளைக்கு நான் என்னெண்டு சொல்லுவன்" எண்டு. திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்லுறா.

அம்மாவோடை சேந்து அழோணும். எனக்கு அது ஒண்டுதான் வேணும்போலை கிடந்துது. எல்லாம் தெரியும் அம்மா, நானும் இஞ்சை இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு சொல்லி, குழறி அழோணும். அந்தப் போனுக்குள்ளாலை கத்தினா அங்கை கேளாது, அது காட்ட மட்டும்தான் செய்யும். என்ரை போனிலை அம்மாவின்ரை இலக்கத்தை அமத்தினன். இவர் மறிக்கேல்லை.

மணி அடிச்சுக்கொண்டே இருந்துது. பிறகு ஆரோ எடுத்தினம். ஒரு சத்தமும் இல்லை. பறையும் இல்லை, அழுகையும் இல்லை, ஒரு குருவிச் சத்தம் மட்டும் கேட்டுது. பிறகு அம்மா வந்தா.

"என்ன பிள்ளை, இந்த நேரம்? சாப்பிட்டனியே?"

குரலிலை ஒரு பிசிறு இல்லை. "அப்பா...?" எண்டு மட்டும் கேட்டன்.

"அப்பா இப்பதான் மோனை கண்ணயர்ந்தவர். தொண்டை இன்னும் சரிவரேல்லை. என்ன, கதைக்கப் போறியே? எழுப்பட்டே?"

இவர் சுவரிலை முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டார். சொல்லு, சொல்லு எண்டுது ஒரு மனம். அம்மா அவ்வளவு பாடுபட்டு எழுப்பி வைச்ச அந்தக் குரலை உடைக்க எனக்கு மனம் வரேல்லை.

"வேண்டாம் அம்மா," எண்டன். "எழுப்பாதேங்கோ. அவர் நித்திரை கொள்ளட்டும். நான் சாப்பிட்டன். சுகமா இருக்கிறன்."

"நல்லது ராசாத்தி. கவனமா இரு. படி இறங்கிக் கிறங்கிப் போடாதை" எண்டு சொல்லி வைச்சா.

நான் என்ரை போனை மடியிலை போட்டிட்டு இவரின்ரை போனைப் பாத்தன். அதிலை அம்மா இன்னும் தலையிலை அடிச்சு அழுதுகொண்டு இருந்தா. எனக்கு ஒரு நிமிசம் விளங்கேல்லை. நேரடி எண்டு சொல்லுறாங்களே தவிர அது கொஞ்சம் பிந்தித்தான் வரும். நாங்கள் கதைச்சது இன்னும் வந்து சேரேல்லை. பாத்துக்கொண்டிருக்க, அம்மாவின்ரை தங்கச்சி, சித்தி, போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா. எல்லாரையும் பாத்துக் கையைக் காட்டினா. பெண்டுகள் சீலைத் தலைப்பை வாய்க்குள்ளை திணிச்சினம். ஆரோ படலையடிக்கு ஓடிப்போய்ப் பறைக்காரரை நிப்பாட்டினது தெரிஞ்சுது. ஒரு செத்தவீடு முழுக்க எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு நிண்டுது.

அம்மா முகத்தை அழுத்தித் துடைச்சா. ஒருக்கால் செருமினா. தலைமயிரை ஒதுக்கினா. பிறகு சிரிச்ச முகத்தோடை போனைக் காதிலை வைச்சா. "எழுப்பட்டே?" எண்டு கேக்கேக்கை, அவா மற்றக் கையை அப்பாவின்ரை தோளிலை வைச்சிருந்தா.